ஒலிப்பதிவில் விழாத பேச்சு

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "எஸ்தரக்கா கம்ப்யூட்டருக்குள்ள ஒரு லைப்ரரி வச்சிருந்தாங்க" என்று எதிர்வீட்டு லலிதா மற்றவர்களிடம் சொல்வாள். கிட்டத்தட்ட சரிதான். தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் சேர்த்துக்கொண்டு வரும் பேட்டிகள், படங்கள், கணக்கெடுப்பு விவரங்கள் எல்லாவற்றையும் வாங்கி, கம்ப்யூட்டரில் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் லலிதா கேட்டாள்: "கம்ப்யூட்டர்ல இருக்கறது எப்படிக்கா கெட்டுப்போகும்? ஊறுகாயா அது?"

ஊறுகாயாவது தேவலை, கெட்டால் வாசனை காட்டிக்கொடுக்கும். கம்ப்யூட்டர் கோப்பு கெட்டுப்போனால் பெயர் அப்படியே இருக்கும், அளவு அப்படியே இருக்கும், திறக்கும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்.

நான் ஓய்வுபெற்றபின் என் நாற்காலிக்கு வந்திருக்கும் திவ்யா போன மாதம் போன் செய்தாள். பேட்டியைப் போட்டால் தானாகவே எழுத்தாக்கித் தரும் மென்பொருள் வந்திருக்கிறதாம். பேச்சு இல்லாத இடங்களை அது தாண்டிப் போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தேன், சொல்லி முடியவில்லை. "மேடம், இத எழுதிக் குடுங்களேன்" என்றாள். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இவ்வளவு எழுதலாமா என்று கேட்கவேண்டியவரிடம் கேட்டும்கொண்டேன்.

நூலகப் படிப்பு முடித்து, அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் அட்டவணை தட்டச்சு செய்யச் சேர்ந்தவள் நான். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். ஃபிளாப்பி போய் சிடி வந்தது, சிடி போய் ஹார்ட் டிஸ்க் வந்தது. ஒவ்வொரு தடவையும் பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றவேண்டும். என் இளமை அந்த மாற்றல்களில் போயிற்று என்று சொன்னால் மிகையில்லை. வேலையைக் கற்றுக்கொடுத்தது படிப்பல்ல, நாகரத்னா மேடம்.

மேடம் கோலார்க்காரர். தமிழும் கன்னடமும் அவர் பேச்சில் கை கோத்துக்கொண்டே வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். "அந்தப் பேட்டி இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு மேடம்" என்றால் போதாது. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

"இருக்குன்னு சொல்லாதம்மா. தொறந்து தோர்சு."

தோர்சு என்றால் கன்னடத்தில் காட்டு. அந்த ஒரு சொல்தான் எங்கள் பிரிவின் சட்டம்.

ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். புதிய இடத்துக்கு நகல் எடுத்ததும் இரண்டு எண்களையும் ஒப்பிடுவோம். மற்ற இடங்களில் வேலை அத்தோடு முடிந்துவிடும், எங்களுக்கு முடியாது. எண் ஒத்துப்போனால் கோப்பு மாறவில்லை என்றுதான் அர்த்தம், மனுஷருக்குப் புரிகிற மாதிரி திறக்கிறது என்று அர்த்தமில்லை என்பார் மேடம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கோப்பைத் திறந்து, காதால் கேட்டோ கண்ணால் படித்தோ பார்க்கவேண்டும். எந்தக் கோப்பு என்று நாங்கள் முடிவு செய்யக்கூடாது. நமக்கு வசதியானதைத்தான் எடுப்போமாம். காபி கொண்டுவருகிறவர், கூரியர்காரர், வழி தெரியாமல் எங்கள் அறைக்கு வந்துவிட்டவர், யாராவது ஒருவரிடம் "ஒரு நம்பர் சொல்லுங்க" என்பார். அவர்கள் விழித்துவிட்டு ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணுள்ள கோப்பு திறக்கப்படும். இப்படித் திறந்து திறந்துதான், என்னவென்றே தெரியாத பல வேலைகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டேன். பீடி சுற்றுகிறவர், லிஃப்ட் இயக்குகிறவர், மென்பொருள் கம்பெனியில் இரவெல்லாம் போன் எடுக்கிறவர் எல்லாரும் வெள்ளிக்கிழமைகளில் என் காதுக்குள் வந்து பேசிப்போனவர்கள்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சர்வர் தப்பியது. ஆனால் இயக்குநர் பயந்துபோனார். எல்லாவற்றையும் வெளியே வாடகைக்கு எடுக்கும் சேமிப்பிடத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். கிடைத்த இடமோ குறைவு. ஒலிப்பதிவுகள்தான் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைச் சுருக்கித் தர கார்த்திக் என்ற இளைஞரை அமர்த்தினார்கள். கெட்டிக்காரர், நல்ல பிள்ளை. முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொன்னார்:

"மேடம், பேச்சு இல்லாத இடத்த மட்டும் வெட்டிடலாம். நெறைய மிச்சமாகும். மௌனத்த யாரும் உக்காந்து கேக்கப் போறதில்ல."

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "வெட்டினத எங்க வெப்பீங்க?"

"எங்கயும் வெக்கறதில்ல மேடம். போயிடும்."

"ஒரிஜினல்?"

"அதுவும் இருக்காது. சின்னதாக்கினதுதான் இருக்கும். ரெண்டையும் வெச்சா சுருக்கறதுக்கு அர்த்தமே இல்லையே."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. போகப்போறத எல்லாம் ஒட்டி ஒரு ஃபைலா குடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுடலாம். எஸ்தர், நீ கேளு."

கார்த்திக் சிரித்துவிட்டார். ஆனால் செய்துகொடுத்தார். முதலில் வந்தது பேராசிரியர் ரமணி எங்களிடம் ஒப்படைத்த தொகுப்பு. கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த பெண்களை, பொம்மனஹள்ளியில் ஒரு வாடகை அறையில் கூட்டமாக உட்காரவைத்து எடுத்த பேட்டிகள். கூடவே ரமணி தட்டச்சு செய்து வைத்திருந்த எழுத்துப் பிரதியும் இருந்தது. அதில் இடையிடையே அடைப்புக்குறிக்குள் 'மௌனம்' என்று போட்டிருந்தது.

வெறும் மௌனங்களை மட்டும் ஒட்டிவைத்த ஒரு கோப்பை நீங்கள் கேட்டதுண்டா? நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மின்விசிறி. குக்கர் விசில். வெளியே 'சொப்பு' என்று கூவிக் கீரை விற்கிறவரின் குரல். நாற்காலி நகர்வது. பிறகு வளையல் சத்தம். ஒருவருடையதல்ல, இங்கே ஒன்று, அதற்குப் பதில் மாதிரி அங்கே ஒன்று. அப்புறம், யாரும் ஒரு வார்த்தை பேசாத நிலையில், பல பேர் ஒரே சமயத்தில் சிரிப்பை அடக்கமுடியாமல் விட்ட சத்தம்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த இடத்தை முழுப் பதிவில் தேடிப்பிடித்தேன். ரமணி கேட்கிறார்: "உங்க சூப்பர்வைசர் உங்ககிட்ட எப்படி நடந்துக்கறாரு?" மௌனம். வளையல். சிரிப்பு. அப்புறம் ஒரு பெண் எல்லாருக்குமாகச் சொல்கிறாள்: "நல்லா நடந்துக்கறாருங்க." எந்த வேடிக்கையும் சொல்லப்படவில்லை. பிறகு எதற்குச் சிரித்தார்கள்?

கார்த்திக்கைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். "யாராவது மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிருப்பாங்க மேடம்" என்றார். ஆனால் அவரும் ஹெட்போனைக் கழற்றவில்லை. அடுத்ததையும் கேட்டார். மேடம் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இவங்க சும்மா உக்காந்திருக்கல. என்னமோ பண்றாங்க."

"என்ன மேடம் பண்றாங்க?"

"நன்கேனு கொத்து? எனக்கென்ன தெரியும்? போய்க் கேட்டுட்டு வா."

போய்க் கேட்பது அவ்வளவு எளிதல்ல. பேட்டி கொடுத்தவர்களின் முகவரியைத் தேடி நாங்களாகப் போகக்கூடாது. பேட்டி எடுத்தவர் வழியாகத்தான் கேட்கவேண்டும், அவர்கள் வரச்சொன்னால்தான் போகவேண்டும். ரமணிக்கு போன் செய்தேன்.

"அது பயம் எஸ்தர்" என்றார் அவர். "வேலை போயிடுமோன்னு பயந்து வாயே தொறக்கல. என் புத்தகத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"சிரிக்கறாங்களே மேடம்?"

"அது எனக்கும் புரியலதான்" என்றார். அந்தப் பெண்களில் கலாவதி என்பவரோடு அவருக்கு இன்னும் தொடர்பு இருந்தது. அவரிடம் கேட்டுச் சொன்னார். கலாவதி, "வரச்சொல்லுங்க" என்றாராம்.

கலாவதி சந்தாபுராவில் ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, வேகமான பேச்சு, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பைச் சந்தேகமாகப் பார்த்தார். ஹெட்போனை மாட்டி, அந்தச் சூப்பர்வைசர் கேள்வியை ஓடவிட்டேன்.

முதலில் அவர் முகம்தான் மாறியது. அப்புறம் மௌனம் வந்த இடத்தில், அவருடைய வலது கை தானாக எழுந்து ஆள்காட்டி விரலால் மேலுதட்டை ஒரு கோடு இழுத்தது. இடது கை காலணா அளவுக்கு ஒரு வட்டம் காட்டி அடங்கியது. உடனே வாய்விட்டுச் சிரித்தார்.

"இது மௌனம் இல்ல மேடம். இங்கதான் நாங்க பேசினோம்."

"எப்படி?"

"கையில. லைன்ல அவ்ளோ மெஷின் ஓடும்ல? பக்கத்துல இருக்கறவ காதுல கத்தினாலும் கேக்காது. கத்தினா சூப்பர்வைசரு வந்துருவாரு. அப்புறம் எப்படிப் பேசறது? ஒதடு, கண்ணு, ஒரு கை. ஒரு கை துணியப் புடிச்சிருக்கும். இன்னொரு கை பேசும். புதுசா வர்றவளுக்கு மொதல்ல ஊசி கோக்கக் கத்துத்தர மாட்டோம், இதத்தான் கத்துத்தருவோம்."

உதட்டில் கோடு இழுத்தால் மீசைக்காரச் சூப்பர்வைசர். விரலால் வட்டம் காட்டினால், தைத்தது. சுண்டுவிரல், பாத்ரூம் போய்வருகிறேன். தாடையைத் தூக்கினால், இன்றைக்கு டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். புறங்கையைக் கன்னத்தில் வைத்தால், இவள் சூப்பர்வைசர் பக்கத்து ஆள், பார்த்துப் பேசு.

"அன்னிக்குக் கதவோரமா உக்காந்திருந்தவ சூப்பர்வைசரோட மச்சினி மேடம். ரமணி மேடத்துக்கு அது எப்படித் தெரியும்? எல்லாரையும் ஒண்ணா கூப்பிட்டுட்டாங்க. அதனால கேள்வி வந்ததும், அவங்க குனிஞ்சு எழுதறப்ப நாங்க கையில பேசி முடிவு பண்ணி, ஒருத்தி வாயால பதில் சொல்றது."

"அவங்களுக்கும் கைப்பேச்சு தெரியுமே?"

"அவ ஆபீஸ்ல இருந்தவ. மெஷின் பக்கமே வந்ததில்ல."

"சரி, சிரிச்சீங்களே? அது எதுக்கு?"

கலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. ரமணி மேடம் பிளவுஸ்ல வலது கை திருப்பி வெச்சுத் தெச்சிருந்தது. இத எந்தப் புண்ணியவான் தெச்சான்னு செல்வி கேட்டா. மீசைக்காரர்தான்னு நான் சொன்னேன். அதுக்குத்தான்."

நானும் சிரித்தேன். பேக்கரிக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு மௌனமாக ஓடவிட்டேன். சிலது அவருக்கு நினைவில்லை. சிலதைக் கையால் செய்துகாட்டி வாயாலும் சொன்னார். கடைசிப் பேட்டியில் ஒரு நீளமான மௌனம் வந்தது. லீவு கேட்டால் கொடுப்பார்களா என்பது கேள்வி. வளையல் சத்தம் கொஞ்சம். அப்புறம் அதுவும் நின்றுபோகிறது. வெறும் மின்விசிறி.

கலாவதியின் கைகள் மடியைவிட்டு எழவே இல்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது ரூபாவோடது மேடம். நான் சொல்லக்கூடாது. அவளத்தான் கேக்கணும்."

"எங்க இருக்காங்க?"

"ஓசூர்ல. ஒரு ஹாஸ்டல்ல சமையல்."

அங்கேயே வீடியோ காலில் கூப்பிட்டார். பெரிய பாத்திரங்களுக்கு நடுவே, நீராவிக்குள் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடியது. இந்தப் பக்கம் ஓசூர் ரோட்டு லாரிகள். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை. கலாவதி போனைத் துணிக்கட்டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பேசினார். திரையில் ரூபாவின் கைகள் பதில் சொன்னன. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் காப்பாற்றுவதுதான் தொழில். என் கண்ணெதிரே ஒரு பேச்சு நடக்கிறது, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கலாவதி ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பது மட்டும் தெரிந்தது.

ரூபா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து என்னைப் பார்த்துப் பேசினார்.

"மேடம், அத வெட்டிராதீங்க."

"சரிம்மா. அதுல என்ன பேசினீங்கன்னு எழுதி வெக்கலாமா? பேர் இல்லாம?"

"எழுதவும் வேணாம். வெட்டவும் வேணாம். இருக்கட்டும்."

பெங்களூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு பொருளை வைத்துக்கொள்வது என்றால் அது என்ன என்று எழுதிவைப்பது எங்கள் வழக்கம். எழுதாமல் வைத்தால் அடுத்து வருகிறவர் இன்னொரு கார்த்திக்காக இருந்தால் வெட்டிவிடுவார். எழுதினால் ரூபாவின் சொல்லை மீறியதாகிவிடும்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மதியம் முழுக்க, அட்டவணைக் குறிப்பில் என்ன போடுவது என்பதிலேயே போயிற்று. அவர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அடிப்பேன், அவரே வேண்டாம் என்பார். 'கையால் ரகசியம் பேசுகிறார்கள்' என்று எழுதினேன். "ரகசியம்னா எல்லாருக்கும் தெரிஞ்சுக்க ஆசை வரும், எடு" என்றார். கடைசியில் மற்ற இடங்களுக்கு, 'இங்கே கைகளால் பேசுகிறார்கள். ஒலிப்பதிவில் அது விழவில்லை' என்று வைத்துக்கொண்டு, கலாவதி ஒப்புக்கொண்டவற்றுக்கு மட்டும் விளக்கம் சேர்த்தோம். ரூபாவின் இடத்துக்கு மேடம் சொன்ன வாக்கியம் இது: 'இங்கே பேசப்பட்டது பேசியவர்களுக்குத் தெரியும். இந்தப் பகுதியைக் குறைக்கவோ நீக்கவோ கூடாது.'

இயக்குநர் கூட்டத்தில் மேடம் பேசவில்லை. வளையலும் சிரிப்பும் வரும் அந்தத் துண்டை ஓடவிட்டு, கலாவதி சொன்னதை என்னைச் சொல்லச் சொன்னார். இயக்குநர் பிளவுஸ் கதைக்குச் சிரித்தார். பிறகு, "அதெல்லாம் சரி, எங்கே வைப்பீர்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கார்த்திக்கிடமிருந்து வந்தது.

"சார், வேற வழி ஒண்ணு பாத்தேன். இங்க ஆராய்ச்சி பண்றவங்க ஒரே ஃபோல்டர அங்கங்க காப்பி பண்ணி வெச்சிருக்காங்க. இவங்க வெச்சிருக்கற கைரேகை நம்பர வெச்சே எது எது ஒண்ணுன்னு கண்டுபுடிச்சிடலாம். அத எடுத்தாலே எடம் கெடச்சிரும். பேட்டியில கை வெக்க வேணாம்."

அப்படியே செய்தோம். வேலை இழுத்தது. ஆனால் மூலப் பதிவுகள் முழுசாகப் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ரமணிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில், "என் பிளவுஸா!" என்று சிரித்தார். அப்புறம் குரல் இறங்கிப்போய், "அப்போ பயம்னு நான் எழுதினது?" என்றார். மேடம் போனை என்னிடமிருந்து வாங்கி, "பயமும் இருந்திருக்கும். அதுகூட இதுவும் இருந்திருக்கு. அந்தப் புக்க விடுங்க, அடுத்தத எழுதுங்க" என்றார். ரமணி வந்தார். கலாவதி, செல்வி, இன்னும் சிலர் எங்கள் நிறுவனத்துக்கே வந்து, கைப்பேச்சை ஒவ்வொன்றாகக் கேமரா முன்னால் செய்துகாட்டினார்கள். ஒரே குறிக்கு இரண்டு ஃபேக்டரியில் இரண்டு அர்த்தம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அதையும் பதிவு செய்துகொண்டோம்.

மேடம் ஓய்வுபெற்று, அந்த நாற்காலிக்கு நான் வந்தபிறகு ஒருநாள் ரூபா தனியாக வந்தார். நீராவிக்குள் பார்த்த முகம் நேரில் இன்னும் சின்னதாக இருந்தது. அந்த மௌனத்தைக் கேட்கவேண்டும் என்றார். கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்கும் அந்தக் கேமரா வெப்பீங்களா?" என்றார்.

"என்ன பேசப் போறீங்க?"

"அன்னிக்குச் சொன்னதத்தான். முழுசா. எம் பொண்ணுக்கு. வாய்ல வராது மேடம், கையில வரும். அவளுக்குத் தெரியும், சின்னதுலருந்து எங்களப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டா. அவளா வந்து கேட்டா மட்டும் காட்டுங்க."

"நீங்களே நேர்ல சொல்லலாமே?"

"அவ மொகத்தப் பாத்தா கையும் வராது."

கேமராவை ஓடவிட்டு அறையைவிட்டு வெளியே வந்தேன். அவர் முடித்துக் கூப்பிட்டபோது உள்ளே போய் நிறுத்தினேன். கோப்புக்குக் கைரேகை எண் எடுத்தேன், நகல்கள் எடுத்தேன், பூட்டிவைத்தேன். திறந்து மட்டும் பார்க்கவில்லை. ஆனால் திறந்து பார்க்காத கோப்பு இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? அதை ரூபாவிடமே சொன்னேன். "அவ்ளோதானே? அப்பப்ப நானே வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். வந்தார். திரையை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு நான் வராந்தாவில் நிற்பேன். "நல்லா ஓடுது மேடம்" என்று சொல்லிவிட்டு, மாலைச் சமையலுக்கு நேரமாயிற்று என்று ஓடுவார்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் மகளும் கூட வந்தாள். ஓசூரில் நர்ஸாக வேலை பார்ப்பவள், உயரமான பெண். "அம்மா எனக்கு எதோ வெச்சிருக்காங்கன்னு கலாவதி அத்தை சொன்னாங்க. பாக்கலாமா?" என்று கேட்டாள். ரூபாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்துவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண்ணை உள்ளே உட்காரவைத்து, கோப்பைத் திறந்து கொடுத்துவிட்டு நானும் வெளியே வந்தேன். குடிக்கத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்து, டம்ளரோடு திரும்பிப் போனேன். கதவில் ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு. அதன் வழியே அவள் முதுகு தெரிந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தோள்கள் குலுங்கின. அப்புறம் இரண்டு கைகளும் எழுந்தன. திரையைப் பார்த்தபடி வேகவேகமாக அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன.

நான் கதவைத் திறக்கவில்லை. டம்ளரோடு பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். ரூபா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மேடம் பண்றா?"

"பேசிட்டிருக்கா" என்றேன்.